பின்னிணைப்பில் திரும்பி நின்ற படகு

மாலதி அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் நாலைந்து பேரைச் சொல்லலாம். அந்த வரிசையில் அக்காவும் உண்டு, நானும் உண்டு. கொஞ்சம் சிடுசிடுப்போடுதான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிதம்பரத்தில் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு சந்து. அதில் ஜெராக்ஸ் கடைக்கும் சலூனுக்கும் நடுவே ஆறடி அகலத்தில் ஒரு டி.டி.பி. கடை. போர்டில் 'ரத்தினம்மாள் கம்ப்யூட்டர்ஸ்' என்று இருக்கும். ரத்தினம்மாள் அந்தக் கடையைத் தொடங்கியவருடைய தாயார். கம்ப்யூட்டரைக் கண்ணால்கூடப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தவர். தொடங்கியவரும் மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார். முதலிலிருந்தே அங்கே டைப் அடித்துக்கொண்டிருந்த மாலதி அக்கா கைக்குக் கடை வந்து பதின்மூன்று வருடம் ஆகிறது. போர்டை மாற்றினாரா என்றால் இல்லை. "பேரு பழகிடுச்சு. மாத்தினா புள்ளைங்க வழி தெரியாம அலையும்" என்பார். அவர் வழி தெரியாமல் அலைய விட்டது தன் பெயரை மட்டும்தான்.

கடலூர் செம்மண்டலத்தில் வீடு. தினமும் காலையில் பஸ் ஏறி ஒன்றேகால் மணி நேரம் வந்து கடை திறப்பார், சாயங்காலம் அதே மாதிரி திரும்பிப் போவார். படிப்பு ப்ளஸ் டூ, அதற்கு மேல் தமிழிலும் இங்கிலீஷிலும் டைப்ரைட்டிங் ஹையர். அந்த ஆறடிக் கடைக்குள் உட்கார்ந்தபடி இருநூறு பேரையாவது டாக்டர் ஆக்கி அனுப்பியிருப்பார். நான் மிகைப்படுத்தவில்லை. ஆய்வேட்டைக் கையெழுத்துக் கிறுக்கலாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, "நாளான்னிக்கு சப்மிஷன் அக்கா" என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற ஜென்மங்கள்தான் எல்லாரும். அக்கா திட்டிக்கொண்டே அடிப்பார். அடிக்கும்போதே படிப்பார். புரியாத வரியில் நிறுத்திவிட்டு, "இதுக்கு என்னா அர்த்தம், சொல்லு" என்று கேட்பார். சொல்ல முடியாமல் விழித்தால், "உனக்கே தெரியல, படிக்கிறவனுக்கு எங்க தெரியப் போவுது?" என்று அந்த வரியில் மஞ்சள் கோடு போட்டுத் திருப்பித் தருவார்.

எல்லா ஆய்வேட்டிலும் முன்னால் ஒரு நன்றியுரை இருக்கும். நெறியாளருக்கு நன்றி, மாமனாருக்கு நன்றி, எதற்கென்றே தெரியாமல் நாலு பேராசிரியர்களுக்கு நன்றி. கடைசி வரியில், "பிழையின்றி அழகுற அச்சிட்டுத் தந்த ரத்தினம்மாள் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தாருக்கு நன்றி" என்று இருக்கும். அதையும் அக்காதான் அடிப்பார். நானும் அப்படித்தான் எழுதினேன். இன்றைக்கு நினைத்தால் என்னை நானே நாலு அறை விட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

என் பெயர் இளவரசு. சொந்த ஊர் கடலூர்க் கரையிலுள்ள தேவனாம்பட்டினம். அப்பா சக்கரபாணி முப்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவர். படகின் பின்பக்கம் உட்கார்ந்து இன்ஜினைப் பிடித்துத் திசை திருப்புவது அவர் வேலை. அந்தப் பின்பக்கத்துக்கு எங்களிடம் அமரம் என்று பெயர். முன்பக்கம் அணியம். இந்த இரண்டு சொல்லும்தான் என் ஏழு வருட உழைப்பைக் கழுத்தைப் பிடித்து நெரித்தன.

கடலூர்க் கரையோர மீனவர்களின் தொழிற்சொற்கள்தான் என் ஆய்வு. எந்தக் கல்லூரி என்று சொல்ல மாட்டேன், பிழைப்பு இன்னும் அங்கேதான். இந்த மாதிரி ஆய்வுக்கெல்லாம் கடைசியில் ஒரு சொற்பட்டியல் வேண்டும், 'குளோசரி' என்பார்கள். அதைத் தயார் செய்வதற்கு எங்கள் வட்டாரத்தில் ஒரு பழக்கம் இருந்தது. யாரும் தயார் செய்ய மாட்டார்கள். "முன்னாடி யாரோ போட்டது இருக்குமே அக்கா, அதையே கடைசியில சேத்துடுங்க" என்பார்கள். மாலதி அக்காவின் கம்ப்யூட்டரில் அதற்கென்றே கோப்புகள் இருந்தன. கோயிலுக்கு ஒன்று, விவசாயத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று. பரீட்சை ஹாலில் விடைத்தாளைக் கைமாற்றுவதுபோல வருடக்கணக்கில் அவை கைமாறிக்கொண்டிருந்தன.

நான் மட்டும் ரோஷக்காரன். கரையில் உட்கார்ந்து நானே நானூற்றுப் பன்னிரண்டு சொற்களைச் சேர்த்திருந்தேன். அக்கா அதை அடிக்கும்போது, "ரெண்டு வார்த்தைக்குப் பழைய ஃபைல்ல வேற மாதிரி இருக்கே தம்பி" என்றார்.

"என் ஊர் கடல் அக்கா. எனக்குத் தெரியாதா?"

"பழசு பெரியவங்க எழுதினது."

"நான் சொன்னத அடிங்க."

உதட்டைச் சுழித்துக்கொண்டு அடித்தார்.

பட்டியலுக்கு முன்னால் ஒன்றரைப் பக்கம் வேறு எழுதியிருந்தேன். என் நெறியாளர் தட்சிணாமூர்த்தி சார், "புதுசா ஏதாவது இருக்கணும்ப்பா" என்று சொன்னதன் விளைவு அது. குளோசரி என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போட்டிருந்தேன். கிரேக்கத்தில் 'குளோசா' என்றால் நாக்கு. நாக்கு பேசுவதால் மொழிக்கும் அதே பெயர். பிறகு, வேறு ஊராருடைய நாக்கிலிருந்து வந்ததோ பழையதோ ஆகி, விளக்கம் இல்லாமல் புரியாத சொல்லுக்கு மட்டும் அந்தப் பெயர் நின்றது. லத்தீனுக்குப் போனபோது, அந்தச் சொல்லின் பக்கத்தில், ஏட்டின் ஓரத்தில் எழுதிவைத்த விளக்கத்துக்கே பெயர் போய்விட்டது. ஓரத்து விளக்கங்களை எல்லாம் பொறுக்கி ஒரே இடத்தில் சேர்த்ததும் அது 'குளோசாரியம்' ஆனது. நம்முடைய அரும்பதவுரை மாதிரிதான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஏட்டைப் பார்த்துப் படி எடுத்தவர்களில் சிலர், ஓரத்தில் இருந்த விளக்கத்தையும் மூலத்தின் பகுதி என்று நினைத்து உள்ளே சேர்த்து எழுதிவிட்டார்கள்.

இந்த இடத்தை அடித்தபோது அக்கா கையை நிறுத்திச் சிரித்தார். "பாத்து எழுதறவன் யோசிக்காம எழுதினா அப்பிடித்தான்" என்றார்.

ஆய்வேட்டைக் கொடுத்து ஐந்து மாதம் கழித்துப் புறத்தேர்வாளரின் அறிக்கை வந்தது. நல்ல வார்த்தை இரண்டு வரி. அதற்குக் கீழே: "பின்னிணைப்பு மூன்றில் ஆய்வாளர் அடிப்படைச் சொற்களிலேயே தவறியுள்ளார். அணியம் என்பது படகின் பின்பகுதி, அமரம் என்பது முன்பகுதி. ஆய்வாளர் மாற்றித் தந்துள்ளார். கீழ்க்காணும் ஏழு ஆய்வேடுகளைக் காண்க. பதினைந்து நாளுக்குள் திருத்தித் தந்தால் மட்டுமே வாய்மொழித் தேர்வுக்குப் பரிந்துரைக்க இயலும்."

என் அப்பா முப்பது வருடமாக உட்கார்ந்திருக்கும் இடம் எது என்று, கடலைக் கரையிலிருந்துகூடப் பார்த்திருப்பாரோ இல்லையோ, ஒரு மனிதர் எனக்கு எழுதியிருக்கிறார். உடனே அப்பாவுக்கு போன் போட்டேன்.

"அப்பா, அமரம் எதுப்பா?"

"இன்னாடா கேள்வி இது?"

"சொல்லுப்பா."

"நான் குந்தற எடம். ஏன்டா, உடம்பு எதனா சரியில்லையா? வூட்டுக்கு வா."

சாரிடம் ஓடினேன். அறிக்கையை ஏற்கெனவே படித்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாத்திடுப்பா."

"சார், தப்பா மாத்தச் சொல்றாரு சார்."

"ரெண்டு வார்த்தைதானே? யாரு அணியத்தையும் அமரத்தையும் பாத்துட்டு இருக்கப் போறாங்க? மாத்திக் குடுத்தா அடுத்த மாசம் வைவா. இல்லன்னா திரும்ப யுனிவர்சிட்டி போர்டுக்குப் போவும், எப்ப வரும்னு எனக்கே தெரியாது. உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

வேலை வேண்டும். டாக்டர் பட்டச் சான்றிதழ் இருந்தால்தான் அந்த வருடத்து நேர்காணலுக்கே கூப்பிடுவார்கள். ஆனால் மாற்றினால், எங்கள் ஊரிலிருந்து முதன்முதலாக வந்த ஆய்வேட்டில் எங்கள் படகு பின்பக்கமாக ஓடும். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அந்த ஏழு ஆய்வேடுகளின் பட்டியலைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பழையது 2003. எழுதியவர் அ. தட்சிணாமூர்த்தி. சார் ஏன் கண்ணாடியைத் துடைத்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

கோபத்தோடு பஸ் ஏறி நேராகக் கடைக்குப் போனேன். அறிக்கையை அக்கா முன்னால் போட்டேன். "ஏழும் இங்க அடிச்சதுதானே அக்கா? உங்க ஃபைல்தானே?" என்று கத்தினேன். பக்கத்து சலூனில் முகத்தில் சோப்போடு ஒருவர் எட்டிப் பார்த்தார்.

அக்கா முழுக்கப் படித்தார். "ஃபைல் சார் எழுதினதுப்பா. அவரு எழுதினத நான் அடிச்சேன். ஒரு எழுத்து மாத்த மாட்டேன்" என்றார். குரல் கடுகடுவென்று இருந்தது. "அவரு கையெழுத்துப் பேப்பரு எங்கிட்ட இருக்கு. நாளைக்கு ஞாயித்துக்கெழம, வூட்டுக்கு வா. யாரு தப்புன்னு பாத்துரலாம்."

இருபத்திரண்டு வருடத்துக் காகிதம் இருக்கிறதாம். நான் நம்பவில்லை. ஆனால் மாலதி அக்காவின் வீட்டுப் பரணில் அரிசிச் சாக்குகளில் வருடம் எழுதி அடுக்கியிருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாணவர், தான் எழுதிய பிழையை டைப் அடித்த அக்கா தலையில் கட்டிவிட்டாராம். அன்றிலிருந்து யாருடைய கையெழுத்துப் பிரதியையும் அவர் திருப்பித் தரவில்லை. 'தானே' புயலில் கூரை ஷீட் பறந்தபோது முதலில் இந்தச் சாக்குகளைத்தான் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "டிவி நனையுது டிவி நனையுதுன்னு இந்த மனுசன் ஒரே கத்து" என்று கணவரைக் காட்டினார். அவர் என்னைப் பார்த்து, வேறு வழி இல்லை என்பதுபோலத் தலையாட்டினார்.

2003 என்று எழுதிய சாக்கு அடியில் இருந்தது. தரையில் கொட்டித் தேடினோம். பச்சை மையில் எழுதிய பக்கங்கள் கிடைத்தன. சாரின் கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும்.

அமரம் – படகின் பின்பகுதி. அதற்கு அடுத்த வரியில், அணியம் – படகின் முன்பகுதி.

சரியாக எழுதியிருந்தார்.

எனக்கு வாயெல்லாம் பல். ஆதாரம் கிடைத்துவிட்டது, பட்டம் கிடைத்துவிட்டது. "அக்கா!" என்று திரும்பினேன். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காகிதத்தைக் கையில் வைத்தபடி உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"அகர வரிசை" என்றார். "அவரு வரிசைய மாத்தி எழுதியிருந்தாரு. அணியம்தானே மொதல்ல வரணும்? நான்தான் தூக்கி மேல போட்டேன். வார்த்தையத்தான் மாத்தினேன், அர்த்தத்த அங்கயே உட்டுட்டேன்." பரணில் மிச்சமிருந்த சாக்குகளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "இந்த மூட்டைய எல்லாம் நான் எதுக்கு வெச்சிருக்கேன்? எம்மேல தப்பில்லன்னு காட்டத்தானே?"

அந்தக் காகிதத்தை நான் கேட்டிருக்கவே கூடாது என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது. "அக்கா, சாரு மெய்ப்பு பாத்திருக்கணும்ல? மத்த ஆறு பேரும் பாத்திருக்கணும்ல? ஒருத்தன் ஒருநாள் கரைக்கு வந்து ஒரு ஆளக் கேட்டிருந்தா போதுமே" என்று என்னென்னவோ சொன்னேன். அவர் காதில் எதுவும் விழவில்லை. மறுநாள் கடையை அடைத்துவிட்டு என்னோடு கல்லூரிக்கு வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். அவருக்குப் பாதி வேலை சார் அனுப்பும் மாணவர்களால்தான் வருகிறது. இது தெரிந்தால் யார் அந்தச் சந்துக்குள் வருவார்கள்? "தப்பு அச்சுல இருக்கு. நான் எங்க போயி ஒளியறது?" என்றார்.

தட்சிணாமூர்த்தி சார் அந்தப் பச்சை மைப் பக்கத்தைப் பார்த்த காட்சியைச் சாகும்வரை மறக்க மாட்டேன். முகம் பளிச்சென்று மலர்ந்தது. "பாத்தியா, பாத்தியா! நான் சரியாத்தான் எழுதியிருக்கேன்!" என்று இரண்டு முறை சொன்னார். இருபத்திரண்டு வருடமாகத் தன் ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்காத மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பல்லைக் கடித்தேன், வைவா அவர் கையில்தானே இருக்கிறது?

தேர்வாளருக்குப் பதில் கடிதம் அங்கேயே தயாரானது. 'தட்டச்சுப் பிழை' என்று மட்டும் போடலாம் என்றார் சார். மாலதி அக்கா சம்மதிக்கவில்லை. சார் அறையிலிருந்த கம்ப்யூட்டரில் தானே உட்கார்ந்து அடித்தார்: "2003ஆம் ஆண்டு ஆய்வேட்டின் கையெழுத்துப் பிரதியில் பொருள் சரியாகவே உள்ளது. அச்சில் நேர்ந்த மாற்றம் தட்டச்சு செய்த கோ. மாலதியின் பிழை. பிற ஆறு ஆய்வேடுகளும் அதைப் பார்த்துப் படி எடுத்தவை. இளவரசு தந்துள்ள பொருளே சரி." பச்சை மைப் பக்கத்தின் நகலை இணைத்தோம். இருநூறு ஆய்வேடுகளில் வராத பெயர் முதல்முறையாக ஒரு கல்லூரிக் காகிதத்தில் வந்தது, பிழை என்ற சொல்லுக்குப் பக்கத்தில்.

அடுத்த மாதம் வைவா முடிந்தது. தேர்வாளர் அணியத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. டீயும் சமோசாவும் சாப்பிட்டுவிட்டு வாழ்த்திவிட்டுப் போனார். அப்பாவுக்கு போன் செய்து, படகைச் சரியாக நிறுத்திவிட்டேன் என்றேன். "அது எப்பவும் சரியாதானடா நிக்குது" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். மாலதி அக்கா விடுகிற ஆளா? அந்த ஏழு ஆய்வேடுகளும் மூன்று நூலகங்களில் இருந்தன. திருத்தம் அச்சடித்த துண்டுச் சீட்டுகளோடு சனிக்கிழமை சனிக்கிழமையாகக் கிளம்பினார். ஒருமுறை நானும் போய்த் தொலைத்தேன். நூலகர், "ஆய்வேட்டுல எதுவும் ஒட்டக் கூடாதும்மா, ரூல்ஸ்" என்றார். அக்கா வாதாடிப் பார்த்தார். பிறகு அலமாரியின் பக்கம் போய், பைக்குள்ளிருந்து பென்சிலை எடுத்து, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சின்னதாக எழுதினார்: "மாற்றிப் படிக்கவும் – கோ. மாலதி."

"அக்கா, யாரு பாக்கப் போறா?" என்றேன்.

"நீ பாத்தியே" என்றார்.

ஏழிலும் எழுதினார். கடைக் கோப்பையும் திருத்தினார். எனக்குக் கௌரவ விரிவுரையாளர் வேலை கிடைத்தது. வினாத்தாள் அடிக்க இப்போதும் அந்தக் கடைக்குத்தான் போகிறேன்.

போன மாதம் அப்படிப் போயிருந்தபோது பூஜா என்று ஒரு மாணவி பதற்றத்தோடு நின்றிருந்தாள். உப்பனாற்று மீன்பிடிப்பைப் பற்றி ஆய்வு. வழக்கம்போல மறுநாள் சப்மிஷன். சொற்பட்டியலை நூலகத்தில் ஓர் ஆய்வேட்டிலிருந்து போனில் படம் எடுத்து, அதைப் பார்த்துத் தானே எழுதி வந்திருந்தாள். அக்கா அடிக்கத் தொடங்கியவர் சட்டென்று நிறுத்தினார். எட்டிப் பார்த்தேன். "அணியம் – படகின் பின்பகுதி. மாற்றிப் படிக்கவும் (கோ. மாலதி)" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

"யாரும்மா இது, கோ. மாலதி?" என்று கேட்டார் அக்கா.

"பழைய அறிஞர் அக்கா. அவுங்க புக்கு பேரு நெட்டுல கெடைக்கல. துணைநூற்பட்டியல்ல பேரு மட்டும் போட்டிருக்கேன்."

"இத எழுதும்போது படிச்சுப் பாத்தியா? பின்பகுதி, மாத்திப் படின்னா என்னா அர்த்தம்? படகுக்கு எது முன்னாடி, எது பின்னாடின்னு ஒரு ஆளயாவது கேட்டியா? டாக்டர் பட்டம் வாங்கப் போற!" ஐந்து நிமிடம் விடாமல் திட்டினார். அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு அணியத்தை முன்னாலும் அமரத்தைப் பின்னாலும் சரியாக வைத்தார், ஓரக் குறிப்பை அழித்தார், பட்டியலின் மற்ற சொற்களையும் ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டுச் சரிபார்த்தார். என் மத்தியானச் சாப்பாடு போயிற்று.

சாயங்காலம் பிரதி எடுத்தபோது தாள்களை அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். துணைநூற்பட்டியல் வந்தது. அக்கா அடிக்கிற எதையும் இரண்டு முறை படிக்கிறவர், ஒரு காற்புள்ளிக்காகப் பக்கத்தையே திரும்ப எடுக்கிறவர். அந்தப் பட்டியலின் இருபத்தெட்டாவது வரியில், நூல் பெயரும் ஆண்டும் இல்லாமல், 'மாலதி, கோ.' என்று இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்காமல் பிரிண்டரில் தாள் வைத்துக்கொண்டிருந்தார். நான் அந்தத் தாளை மற்றவற்றோடு சேர்த்து அடுக்கினேன்.